அத்தையின் மஞ்சள் மாத்திரையும் டாக்டர் சுப்பாராவும்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியோ, ஒர்க் ஷாப்பில் விரலை நசுக்கிக்கொண்டதைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் பேனா வேறு பக்கம் போய்விட்டது. 1948-ல் இறந்துபோன ஒரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் நம் கல்லூரிக்காரர் இல்லை, என் துறைக்காரரும் இல்லை. இருந்தாலும் நம்மில் ஒவ்வொருவர் வீட்டு மருந்து டப்பாவிலும் அவர் ஏதோ ஒரு ரூபத்தில் இருக்கிறார். அவர் பெயர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவரை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் இலுப்பூர். அங்கே இருந்த என் அத்தைக்குத் திடீரென்று நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகம் வெளுத்துப் போயிற்று. ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 5.2 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை. அத்தை போனில் சொன்னபோது, கம்பெனி மீட்டிங்குக்கு நடுவில் இருந்த நான், நம் ஊர்ப் பொம்பளைகளுக்கு இது சகஜம்தான், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், டானிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். உள்ளூரிலும் அதையேதான் சொன்னார்கள். இரும்புச்சத்து மாத்திரை, டானிக், இரண்டு பாட்டில் ரத்தம். பிறகு ரத்த அணுக்கள் அளவில் பெரிதாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்ததால், ஃபோலிக் ஆசிட் என்ற சின்ன மஞ்சள் மாத்திரை. ஐந்து மாதம் இப்படியே போயிற்று. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இலுப்பைக்குப் பெயர் போன எங்கள் ஊரில் அந்த ஐந்து மாதமும் அப்படித்தான் ஆனது. நோய் என்னவென்று தெரியாத இடத்தில் டானிக்கே வைத்தியமாகிவிட்டது.

கடைசியில் வேறொரு ஊரில் ஒரு ரத்தநோய் மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பத்து நாள் கழித்து, புதிதாகப் பிறக்கும் சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஏறியதா என்பதுதான் அது. யாரும் பார்த்திருக்கவில்லை. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். எரித்ரோலுகேமியா. சிவப்பணுக்களை உண்டாக்கும் செல்களிலேயே பிடிக்கிற அபூர்வமான ரத்தப் புற்றுநோய்.

அந்த மஞ்சள் மாத்திரை எங்கிருந்து வந்தது, புற்றுநோய்க்கும் அதற்கும் என்ன உறவு என்று தேடிப் போனதில்தான் சுப்பாராவ் எனக்குக் கிடைத்தார்.

அவர் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளில் ஒருவர். தகப்பனார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். வருமானம் போதாத குடும்பம். பதிமூன்று வயதில் பையன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். தாயார் வெங்கம்மா பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தகப்பனார் போன பிறகு நகைகளை விற்றுப் படிக்க வைத்ததும் அந்த அம்மாள்தான்.

இப்போது அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் கொஞ்சம் கவனிக்கவும். சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து. அதன் பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசையில் ராமகிருஷ்ண மடத்துப் பக்கம் போனார். தாயார் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் அதுவும் சேவைதானே என்று மடத்தில் இருந்தவர்களே வழி காட்ட, 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

இந்தக் கல்லூரியின் பெயர் வந்ததும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொருவர் ஞாபகம் வந்திருக்கும். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம்தான் அவரை 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கும் அளவுக்குக் கொண்டுபோனது. அவர் படித்து முடித்து வெளியேறிய மூன்று வருஷத்தில் அதே வாசலுக்குள் நுழைந்தவர் சுப்பாராவ். இவருக்கும் உடன்பிறந்தோர் சாவு காத்திருந்தது.

சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் எட்டே நாள் இடைவெளியில் இறந்தார்கள். நோய்க்குப் பெயர் ஸ்ப்ரூ. குடல், சாப்பிட்ட சத்தை உறிஞ்சாது. பேதியும் கடுமையான ரத்தசோகையுமாக ஆள் உருகிப் போவார். அடுத்து சுப்பாராவுக்கே அந்த நோய் வந்தது. அவர் படித்துக்கொண்டிருந்த மேல்நாட்டு வைத்தியத்தில் அதற்கு மருந்து இல்லை. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதி என்ற ஆயுர்வேத அறிஞரின் சிகிச்சையில்தான் பிழைத்தார். வேறு யாராக இருந்தாலும் உயிர் தப்பியதே போதும் என்று இருந்திருப்பார்கள். இவருக்கோ அந்த மருந்துக்குள் இருந்து வேலை செய்தது எது, அந்த நோயில் உடம்பில் குறைவது எது என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. அது அவரைக் கடைசிவரை விடவே இல்லை.

கல்லூரியில் இன்னொரு சோதனை. காந்தியின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியை விட்டவர், அறுவை சிகிச்சைக்கும் கதர் அங்கியோடு போய் நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள். அரசாங்க மருத்துவப் பணிக்குள் நுழைய முடியாமல், லக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார்.

1919-ல் சேஷகிரி என்ற பெண்ணோடு திருமணம். மாமனார் கொடுத்த பணம், காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளை செய்த உதவி, இவற்றை வைத்துக்கொண்டு 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதரின் கதையை எழுதும்போது, அவருக்காகக் காத்திருந்தே வயதான ஒரு பெண்ணையும் ஒரு வரியிலாவது எழுதுவதுதான் நியாயம்.

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். எல்.எம்.எஸ். பட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்வது உட்பட எல்லாம் செய்தார். பகலில் படிப்பு. அதன் பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை, ஒரு நீல நிறத்தின் அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். உயிர்வேதியியல் படித்த நண்பர்கள் பிராக்டிகலில் இதைச் செய்து ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பீர்கள். அந்தப் பெயரில் பாதி நம் சென்னையில் படித்தவருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த முறையை வைத்துக்கொண்டே 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். நாம் கையை அசைப்பதற்கும், கண்ணைச் சிமிட்டுவதற்கும், இந்த வரியைப் படிப்பதற்கும் செலவாகும் எரிபொருள் அதுதான். 1930-ல் பிஎச்.டி. பட்டம். இத்தனை செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. சம்பளம் குறைந்த, எப்போது வேண்டுமானாலும் முடிந்துபோகக்கூடிய வேலையிலேயே பத்து வருஷம் ஓட்டினார். 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். சீக்கிரமே அங்கே ஆராய்ச்சி இயக்குநரும் ஆனார்.

பழைய கேள்வி கூடவே போயிற்று. ரத்தசோகையில் குறைவது எது?

இதற்கு முதல் துப்பும் இந்தியாவிலிருந்துதான் கிடைத்திருந்தது. 1928 முதல் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் அது குணமாகிறது என்று காட்டினார். ஈஸ்டிலும் ஈரலிலும் கீரையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து அதன் துளியைப் பிரித்தவர்கள், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1941-ல் அதற்கு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கீரையிலிருந்து துளித்துளியாக எடுத்து எத்தனை நோயாளிக்குக் கொடுக்க முடியும்? அதன் ரசாயன அமைப்பைக் கண்டுபிடித்து, ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியது சுப்பாராவின் லெடர்லி குழு, ஆண்டு 1945. அடுத்த சில மாதங்களிலேயே, ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது ரத்தம் ஊறத் தொடங்கியது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அவருடைய இரண்டு சகோதரர்களுக்கும் அது சுமார் கால் நூற்றாண்டு தாமதம்.

இனிமேல்தான் கதையின் திருப்பம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். லெடர்லியிலிருந்து வந்த ஃபோலிக் ஆசிட் வகைப் பொருட்களை ஃபார்பர் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமாகப் பெருகுவது போல இருந்தது. இன்னொருவராக இருந்தால் தோல்வி என்று மூடி வைத்திருப்பார். ஃபார்பர் அதைத் தலைகீழாக யோசித்தார். இந்தச் சத்து நோயை வளர்க்கிறது என்றால், சத்தைத் தடுத்தால் நோய் அடங்காதா?

அப்படித் தடுக்கும் பொருளைச் செய்து கொடுத்தது சுப்பாராவின் குழு. நம் பாஷையில் சொல்கிறேன். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ.வை இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலிக் ஆசிட் ஒரு சாவி மாதிரி. அதே அச்சில், ஒரு பல்லை மட்டும் மாற்றிப் போலிச் சாவி செய்தார்கள். பூட்டுக்குள் நுழையும், திரும்பாது, வெளியிலும் வராது. நிஜச் சாவிக்கு இடமில்லாமல் போய்விடும். செல் பெருகுவது நிற்கும். அந்தப் போலிச் சாவியின் பெயர் அமினோப்டெரின். அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட்.

1948 ஜூன் மாதம் ஃபார்பர் தன் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. தற்காலிகம்தான், மறுபடியும் நோய் வந்தது. ஆனாலும் ஒரு மருந்தால் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் நம்பியது அன்றைக்குத்தான். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் சுப்பாராவின் பெயர் இல்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. தன் கீழ் வேலை செய்தவர்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்பதே அவர் வழக்கம்.

அதே காலத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னும் இரண்டு வந்தன. ஒன்று, யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசின். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து, நம் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த மாத்திரைதான். இன்னொன்று ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் முதலாவது. பெஞ்சமின் டக்கர் என்ற முதியவர் அதைக் கண்டுபிடித்தது சுப்பாராவின் தலைமையில் இருந்த கூடத்தில்.

1948 ஆகஸ்டில் ஒரு நாள் அவர் தன் அறையில் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்து கிடந்தார். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. நோபல் பரிசும் இல்லை. நூற்றாண்டு வந்த 1995-ல் இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது.

அவர் போன பிறகும் அந்த மருந்து வேலை செய்துகொண்டே இருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் ஒருவகைப் புற்றுநோய் 1950-களில் மெத்தோட்ரெக்சேட்டால் முழுதாகக் குணமானது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில், மற்ற மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுப்பதால், நல்ல சிகிச்சை மையங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். முடக்குவாதத்துக்கும் வாரம் ஒருமுறை குறைந்த அளவில் கொடுக்கிறார்கள்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். எரித்ரோலுகேமியாவை இத்தாலிய டாக்டர் டி குலியெல்மோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விவரித்துவிட்டார். பெரியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே வருவது. முதலில் தெரிவது வெறும் ரத்தசோகைதான். அதைவிட மோசம், மைக்ராஸ்கோப்பில் அந்தச் சிவப்பணுக்களின் தாய்ச் செல்கள் ஃபோலிக் ஆசிட் குறைவில் இருப்பது போலவே பெரிதாக, முதிராமல் தெரியும். நிஜமான சத்துக் குறைவு என்றால், மருந்து கொடுத்து ஐந்து முதல் பத்து நாளில் புதுச் சிவப்பணுக்கள் படையெடுத்து வரும். வராவிட்டால் கேள்வியை மாற்ற வேண்டும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் கூடக் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பி12, ஃபோலேட் அளவைப் பார்த்து, அதுவும் சரியாக இருந்தால் மஜ்ஜைப் பரிசோதனை. அங்கே சாயமேற்றுதல், ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் சோதனை ஆகியவற்றால் நோயை உறுதி செய்கிறார்கள்.

நாம் இன்ஜினியர்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், கனமான கம்பியைச் சுற்றி மாட்டிவிட்டு வரமாட்டோம்; ஷார்ட் எங்கே என்று தேடுவோம். மெஷினுக்குக் காட்டிய அந்தப் புத்தியை நான் அத்தைக்குக் காட்டவில்லை. ஐந்து மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. அது குணப்படுத்தக் கடினமான வகை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டே வீட்டு வேலை செய்த அந்த ஐந்து மாதமும், தன் நோயின் பெயர்கூடத் தெரியாமல் போயிருக்க வேண்டாம். கண்டுபிடித்த பிறகு நான்கு மாதம் இருந்தார்.

யாரும் பயந்துவிட வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. இரும்புச்சத்துக் குறைவே முக்கிய காரணம். கர்ப்பிணிகள் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். பிள்ளையின் தண்டுவடத்தை அது காக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டில் யாருக்காவது ரத்தம் குறைவு என்றால், ஏன் குறைந்தது என்று கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு ஏறியதா என்று மறுபடியும் பாருங்கள். ஏறவில்லை என்றால் டானிக்கை மாற்றாதீர்கள், ரத்தநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது முயற்சியில் பள்ளிப் படிப்பைத் தேறிய ஒருவர், சகோதரர்களின் சாவில் எழுந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டதால் இத்தனை நடந்தது. நம் வீட்டு அம்மா, அத்தை, அக்கா போன் செய்யும்போது அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்கவாவது நமக்கு நேரம் இருக்க வேண்டும். சங்கமத்தில் சந்திக்கும்போது என் தலைமுடியைப் பற்றிக் கிண்டல் செய்வதற்கு முன்னால், வீட்டில் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உங்களிடம் கேட்பேன். பதிலோடு வாருங்கள்.